மலேசியாவுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு

திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்றானதும், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்திலிருந்து அங்கே இருக்கும் மகள் வீட்டுக்கு அறுவடை முடிந்து ஒரு தடவை, பொங்கல் முடிந்து ஒரு தடவை என்று கிளம்புகிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் 30 நாள் முடிந்ததும் வெளியே வந்து, நாலு நாளில் திரும்பப் போனால் கணக்குப் புதிதாகத் தொடங்கிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே விடுவது குடிநுழைவு அதிகாரியின் முடிவு. பாஸ்போர்ட்டைப் புரட்டுவார், பக்கத்துக்குப் பக்கம் அதே முத்திரை இருந்தால், "இங்கே வேலை செய்கிறீர்களா?" என்று கேட்பார். என் அத்தை, "பேரனைப் பார்த்துக்கத்தான்" என்று வெகுளியாகச் சொல்லி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்!

திரும்பும் டிக்கெட், தங்கும் வீட்டு முகவரி, கைச்செலவுக்கான பணத்துக்குச் சான்று, மூன்றையும் தாளில் எடுத்துப் போங்கள்; செல்போன் சார்ஜை நம்ப வேண்டாம். டிஜிட்டல் வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை ஒவ்வொரு பயணத்துக்கும், இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் போய் ஏஜெண்டுக்குக் காசு அழாதீர்கள். அந்த 30 நாளை, இறங்கிய நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும். விதி மாறக்கூடியது, டிக்கெட் போடுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.