ஃபுட் டிரக்குக்கு அனுமதி: பெங்களூருக்கு விதிமுறை எழுதுவது எப்படி

ஒரு ஃபுட் டிரக் மூன்று அலுவலகங்களின் கையில் இருக்கிறது. வண்டி ஆர்டிஓவுக்கு, சாப்பாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு, நிற்கும் இடம் மாநகராட்சிக்கு. முதல் இரண்டுக்கும் மத்தியச் சட்டங்கள் ஏற்கெனவே உண்டு. புதிதாக எழுத வேண்டியது பெரும்பாலும் மூன்றாவதைத்தான். வார்டு கமிட்டியிலோ வியாபாரிகள் சங்கத்திலோ வரைவு தயாரிப்பவர்கள் இதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பத்துப் பக்கம் அடுப்பைப் பற்றியே ஓடிவிடும். வண்டி எங்கே நிற்கலாம் என்பதற்கு ஒரு வரி இருக்காது.

தெருவோர வியாபாரிகளுக்கான 2014 சட்டத்தின் சான்றிதழையே டிரக்குக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். பொருந்தாது. நானோ என் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு கிடையாது என்று எழுதிக் கொடுப்பவருக்குத்தான் அந்தச் சான்றிதழ். நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஓட்டும் டிரக் அதற்குள் நுழைந்தால் இடம் பறிபோவது அல்சூரில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்காவுக்குத்தான். அதனால் டிரக்குக்குத் தனி அனுமதி, தனி இடம். அந்த இடப் பட்டியலை, அதே 2014 சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவின் முன் வையுங்கள். குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர்கள் பார்க்காத பட்டியல் பிறகு வழக்காகி கோர்ட்டில் முடங்கும். இன்னொன்று, 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூரில் ஐந்து மாநகராட்சிகள். அனுமதியை, ஐந்துக்கும் மேலே உள்ள கிரேட்டர் பெங்களூர் ஆணையம் பொதுவாக வகுக்காவிட்டால், மதியம் ஒரு மாநகராட்சி எல்லையில் விற்றவர் சாயங்காலம் அடுத்த எல்லையில் நிற்க மறுபடி பணம் கட்ட வேண்டிவரும்.

இடத்தை வரைபடத்தில் குறிக்காதீர்கள், டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து குறியுங்கள். டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டி சுமார் 3.8 மீட்டர் நீளம். அதற்கு 6 மீட்டருக்கு 2.5 மீட்டர் கட்டம் போதும். பெரிய வண்டிக்கு 8-க்கு 3. வாங்க நிற்கும் கூட்டம் போக நடைபாதையில் 1.8 மீட்டர் காலியாக மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்த இடத்தை அடித்துவிடுங்கள். சந்திப்பு, பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வாசல் ஆகியவற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வரைவுகளில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு வரி உண்டு: பரிமாறும் ஜன்னல் வண்டியின் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். வலது பக்கம் வெட்டிய வண்டியில் பரோட்டா வாங்குபவர் ஓடும் டிராஃபிக்கில் முதுகைக் காட்டி நிற்பார்.

அனுமதியை இடத்துக்குக் கொடுக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள்: ஐந்து மணி நேரம் ஒரு முறை, ஒரு வண்டிக்கு வாரத்தில் ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். நேரம் முடிந்ததும் வண்டி கிளம்பியாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் முதல் மாதம் தகரக் கூரை நீளும், அடுத்த மாதம் டயருக்கு அடியில் கல் ஏறும், ஆறு மாதத்தில் அது கடை. இடம் ஒதுக்க ஏலம் விடாதீர்கள், குலுக்கல் போதும். ஏலத்தில் அதிக விலைக்கு எடுத்தவர் அதை உள்வாடகைக்கு விட்டுத்தான் மீட்பார். அனுமதி வண்டி எண்ணோடு ஒட்டியிருக்கட்டும், கியூஆர் அட்டை ஜன்னலில் தெரியட்டும், கைமாற்றினால் ரத்து.

வண்டி விஷயத்தில் ஆர்சி நகல் கேட்டால் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்டிஓ ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது. சரக்கு வண்டி என்றே ஆர்சியில் இருக்க, உள்ளே சமையலறை கட்டியிருந்தால் விபத்தன்று இன்சூரன்ஸ் தகராறு நிச்சயம். நடமாடும் கேன்டீன் என்று ஆர்சியில் பதிவாகியிருக்க வேண்டும், ஃபிட்னஸ் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான ஃபோஸ்காஸ் தளத்தில் எடுத்த 14 இலக்க எண்ணையும், வண்டிக்கு முன்தயாரிப்பு நடக்கும் பேஸ் கிச்சன் முகவரியையும் விண்ணப்பத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மாநகராட்சி தானே இறங்கிப் பார்க்க வேண்டியது கேஸும் கழிவுநீரும். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டர் கூடாது, வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோதான். ஒன்று ஓட்டத்தில், ஒன்று இருப்பில், அதற்கு மேல் வேண்டாம். நிமிர்த்தி, சங்கிலி போட்டு, சமைப்பவரிடமிருந்து தடுப்பால் பிரித்த பெட்டிக்குள் இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் பெட்டியின் காற்றுத் துளை அடியில் இருந்தால்தான் பயன். மேலே மட்டும் துளை போட்ட வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ரெகுலேட்டரிலும் குழாய் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. பொரிக்கும் வண்டியில் ஏபிசி பவுடர் தீயணைப்பானோடு எண்ணெய்த் தீக்கான வெட் கெமிக்கல் வகையும் கேளுங்கள்.

நல்ல தண்ணீர் 100 லிட்டர் ஏற்றினால் கழிவுநீர்த் தொட்டி 115 லிட்டராவது இருக்கட்டும். ஐஸ் தண்ணீரும் கழுவிய மிச்சமும் சேரும். கழிவை எங்கே கொட்டுவது என்று விதி சொல்லாவிட்டால் இருட்டியதும் அது மழைநீர்க் கால்வாயில் இறங்கி, ராஜகாலுவே என்னும் பெரிய வடிகால் வழியாக ஏரிக்குப் போகும். எனவே மண்டலத்துக்கு ஒன்றாவது, எண்ணெயைப் பிரித்துத் தடுக்கும் பொறியோடு (கிரீஸ் டிராப்) பாதாளச் சாக்கடையில் இணைத்த இடம் ஒதுக்கி, அங்கே தரும் சீட்டு வண்டியில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில், மறுத்தால் எழுத்தில் காரணம். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் முன்பே விண்ணப்பதாரருக்கு இதைச் சொல்லிவிட்டால் இரண்டாவது பெயிண்ட் செலவு மிச்சம்.