90ஸ் ஜப்பான் பெர்ஃபாமன்ஸ் கார் வாங்கி வச்சுக்க ஆசையா, முதல்ல பாடிய பாருங்க

நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்எக்ஸ்-7, ஹோண்டா என்எஸ்எக்ஸ், மிட்சுபிஷி எவோ, சுபாரு இம்ப்ரெசா, ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், ஹோண்டா எஸ்2000. இந்தப் பேரெல்லாம் ஒரு காலத்துல சின்னப் பசங்க வாங்கி ஓட்டி அடிச்சு நொறுக்குன வண்டிங்க, இப்போ கிளாசிக் ஆகிடுச்சு, நல்ல நிலமைல ஒண்ணு கிடைக்கறதே கஷ்டம். எனக்கு இந்த வண்டிங்க மேல ரொம்ப ஆசை, அதனாலதான் இத எழுதறேன், ஏன்னா ஆசப்பட்டு வாங்கறவங்கள்ல பாதிப் பேரு தப்பான இடத்த பாத்துட்டு வாங்கறாங்க. போனட்ட தொறந்து டர்போ எவ்ளோ பெருசு, எத்தன குதிரத்திறன்னு கேக்கறாங்க, வண்டிக்கு அடில குனிஞ்சு பாக்கறதே இல்ல.

நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணுதான். இஞ்சின் போனா திரும்ப கட்டலாம், கியர்பாக்ஸ் போனா மாத்தலாம், பாடி துருப்பிடிச்சு போச்சுன்னா அந்த வண்டி போச்சு. சுவர் இருந்தாதான் சித்திரம். அதனால டைம், பணம், கவனம் எல்லாத்தையும் முதல்ல ஷெல்லுக்கு, அதாவது பாடிக்கு குடுங்க.

பாடிய எப்படி பாக்கணும்னா, வண்டி காஞ்சிருக்கும்போது பகல் வெளிச்சத்துல பாருங்க, கழுவி பளபளன்னு தண்ணியோட நிக்கற வண்டிய பாக்காதீங்க, தண்ணி எல்லா கோளாறையும் மறைக்கும். லிஃப்ட்ல ஏத்தாம எந்த முடிவும் எடுக்காதீங்க. ஜாக்கி வைக்கற இடம், கதவுக்கு அடில ஓடற சைடு சில், பின் சக்கரத்துக்கு மேல இருக்கற ஆர்ச், டிக்கி தரை, ஸ்பேர் வீல் குழி, இது எல்லா மாடலுக்கும் பொது. பின் ஆர்ச்சோட உள்பக்க மடிப்புல விரல விட்டு ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் தடவிட்டே போங்க, நல்ல ஆர்ச்னா மெல்லிசா ஒரே சீரா ஒரு விளிம்பு கைல படும், பட்டி அடிச்சதுன்னா தடிமனா மொழுக்குன்னு இருக்கும், துருன்னா சொரசொரன்னு உதிரும். இன்டெக்ரா, ஆர்32 இதுல எல்லாம் இந்த இடம்தான் முதல்ல போகும் (ஆர்32, ஆர்33, ஆர்34ன்னா ஸ்கைலைனோட அடுத்தடுத்த தலைமுறைங்க). ஆர்33, ஆர்34 வாங்கறீங்கன்னா போனட்ட தொறந்து முன்பக்க சஸ்பென்ஷன் டவர் உச்சிய பாருங்க, அங்க தகடுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டற இடத்துல சீலன்ட் போட்டிருப்பாங்க, அதுக்கு அடில தண்ணி பூந்து உள்ளயே அரிச்சுக்கிட்டு இருக்கும், மேல பாத்தா சீலன்ட் லேசா உப்பின மாதிரி, பெயிண்ட்ல ஒரு மயிரிழை வெடிப்பு மாதிரிதான் தெரியும். அத பாத்துட்டு சின்ன விஷயம்னு விட்றாதீங்க, அந்த டவர சரி பண்ண இஞ்சின் இருக்கற அறையவே காலி பண்ண வேண்டி வரலாம். புதுசா கறுப்பு அண்டர்கோட்டிங் அடிச்ச வண்டின்னா இன்னும் கவனமா இருங்க, பழைய துரு மேலயே அடிச்சிருந்தா அது பாதுகாப்பு இல்ல, வெறும் மூடிதான்.

என்எஸ்எக்ஸ் கத வேற. 1990ல வந்த அந்த வண்டியோட மோனோகாக் (பாடியும் சேஸியும் ஒண்ணா சேந்த கட்டு) முழுக்க அலுமினியம், துருப்பிடிக்காது, ஆனா அடி வாங்கினா சாதாரண டிங்கரிங் ஆளால சரி பண்ண முடியாது. அதனால அதுல ஆக்சிடென்ட் ஹிஸ்டரிதான் முக்கியம்.

அடுத்து பேப்பர். ஜப்பான்ல இருந்து ஏலத்துல வந்த வண்டின்னா ஏல ஷீட்ட கேட்டு வாங்குங்க, இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு கேளுங்க. அதுல மொத்தமா ஒரு கிரேடு இருக்கும், 4.5, 4, 3.5 இப்படி, ஆர் இல்லன்னா ஆர்ஏன்னு இருந்தா அடிபட்டு ரிப்பேர் ஆன வண்டி. ஆர்ஏ வந்தா வாங்கவே கூடாதுன்னு இல்ல, எங்க அடி, எப்படி சரி பண்ணாங்கன்னு தெரிஞ்சா போதும். கிரேட விட முக்கியம் அந்த கார் படத்து மேல எழுதியிருக்கற குறிகள். ஏ-ன்னா கீறல், யூ-ன்னா நெளிசல், டபிள்யூ-ன்னா ரிப்பேர் பண்ண தடம், எஸ்-ன்னா துரு, டபுள் எக்ஸ்-ன்னா அந்த பேனலையே மாத்திட்டாங்க. பக்கத்துல இருக்கற நம்பர் ஏற ஏற கோளாறும் பெருசு. ஷீட்ட கைல வச்சிக்கிட்டு வண்டிய ஒரு சுத்து சுத்தி வாங்க, ஷீட்ல எஸ் இருந்து வண்டில அந்த இடம் புத்தம்புதுசா இருந்தா நடுவுல யாரோ பெயிண்ட் அடிச்சிருக்காங்க.

ஓடோமீட்டர அப்படியே நம்பாதீங்க, இந்த வயசு வண்டில அத திருப்பி வைக்கறது ரொம்ப சகஜம். சர்வீஸ் புக்குல ஒவ்வொரு தடவையும் எழுதின கிலோமீட்டர் வரிசையா ஏறுதான்னு பாருங்க. இஞ்சின் அறைல டைமிங் பெல்ட் மாத்தின தேதியும் கிலோமீட்டரும் எழுதின ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஜப்பான் ஒர்க்‌ஷாப்புங்க அத ஒழுங்கா ஒட்டுவாங்க, அதையும் மீட்டரையும் ஒத்துப் பாருங்க. மீட்டர் கம்மியா காட்டுது ஆனா ஸ்டீரிங் தேஞ்சு வழவழன்னு இருக்கு, டிரைவர் சீட்டு ஓரம் கிழிஞ்சிருக்குன்னா எது உண்மைன்னு உங்களுக்கே தெரியும்.

சேஸி நம்பரும் அப்படித்தான். ஜப்பான் மார்க்கெட் வண்டிக்கு 17 எழுத்து நம்பர் கிடையாது, மாடல் கோடும் அதுக்கப்புறம் சீரியல் நம்பரும்தான், பெரும்பாலும் இஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற ஃபயர்வால் தகட்டுல அடிச்சிருப்பாங்க. ஆர்32 ஜிடி-ஆர்னா பிஎன்ஆர்32ன்னு ஆரம்பிக்கணும். எச்சிஆர்32ன்னு ஆரம்பிச்சா அது ஜிடி-ஆர் இல்ல, பெரும்பாலும் ஜிடிஎஸ்-டிங்கற சாதாரண ஸ்கைலைன், அதுக்கு ஜிடி-ஆர் பம்பர், ஃபெண்டர், பேட்ஜ் எல்லாம் மாட்டி நிக்க வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதுவும் நல்ல வண்டிதான், ஆனா ஜிடி-ஆர் விலை குடுக்காதீங்க.

இப்போ இஞ்சின். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கு, எது வாங்கறீங்களோ அதோட குணத்த தெரிஞ்சுக்கிட்டு போங்க.

ஜிடி-ஆர்ல இருக்கற ஆர்பி26, 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ. ஜப்பான் கம்பெனிங்க எல்லாம் அப்போ 280 பிஎஸ்க்கு (குதிரத்திறன்) மேல போறதில்லன்னு ஒரு பேச்சு வச்சிருந்ததால பேப்பர்ல 280தான், நிஜத்துல அதுக்கு மேல. பிரச்சனை என்னன்னா ஆர்32, ஆர்33ல வந்த ஒரிஜினல் டர்போவோட எக்ஸாஸ்ட் பக்க வீல் செராமிக், பூஸ்ட்ட (டர்போ தள்ற காத்தழுத்தத்த) ஏத்தினா அது உடையும், உடைஞ்ச துண்டு இஞ்சினுக்குள்ளயும் போகலாம். அதனால ஒரிஜினல் டர்போவோட பூஸ்ட் ஏத்தி ஓடற வண்டின்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க. ஆரம்ப கால ஆர்32ல கிராங்க் ஷாஃப்ட்டு ஆயில் பம்ப்ப சுத்தற இடம் ரொம்ப குறுகல், ஆர்பிஎம் ஏத்தி அடிச்சு ஓட்டினா பம்ப் கியர் உடையும், இஞ்சின் இறக்கி கட்டியிருந்தா இத சரி பண்ணாங்களான்னு பில்ல பாத்து கேளுங்க.

ஆர்எக்ஸ்-7ல எஃப்டிங்கற 90ஸ் மாடல் வாங்கறவங்களுக்கு நான் கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா அத போல அழகான வண்டியும் இல்ல, அத போல ஆள பாத்து ஏமாத்தற வண்டியும் இல்ல. 13பி ரோட்டரி, பிஸ்டனுக்கு பதிலா சுத்தற முக்கோண ரோட்டர் இருக்கற இஞ்சின், ரெண்டு ரோட்டர், ஒவ்வொண்ணும் 654 சிசி, பிஸ்டன் இஞ்சினுக்கு வைக்கற சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் இதுக்கு பத்தாது. ரோட்டரிக்குன்னே ஒரு டெஸ்டர் இருக்கு, ஒரு ரோட்டருக்கு மூணு முகம், ஆக மொத்தம் ஆறு நம்பர் வரணும், ஸ்டார்ட்டர் இஞ்சின சுத்தற கிராங்கிங் வேகத்தையும் சேத்து எழுதிக் குடுக்கணும். ஆறும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா நல்லது, ஒரு ரோட்டர்ல ஒண்ணு ரெண்டு மட்டும் விழுந்திருந்தா அபெக்ஸ் சீல் (ரோட்டர் முனைல இருக்கற சீல்) காலி. இந்த டெஸ்ட் வேணாம்னு விக்கறவர் சொன்னா வந்த வழியே திரும்பிடுங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு பண்ணலாம், நல்லா ஓட்டி சூடாக்கிட்டு ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. கம்ப்ரெஷன் போன ரோட்டரி குளிர்ல டக்குனு ஸ்டார்ட் ஆகும், சூட்டுல ரொம்ப நேரம் இழுக்கும். ஓட்டும்போது பூஸ்ட் கேஜ பாருங்க, ரெண்டு டர்போவும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா வேல செய்யணும், 10 பிஎஸ்ஐ பக்கம் ஏறி, 4500 ஆர்பிஎம் பக்கம் லேசா 8க்கு இறங்கி, திரும்ப 10க்கு வரணும். வரலன்னா பெரும்பாலும் வாக்யூம் ஹோஸ்தான், அந்த இஞ்சின் சூட்டுல இருக்கற குட்டி குட்டி ரப்பர் ஹோஸ் எல்லாம் வெந்து பிஸ்கட் மாதிரி ஆகிடும், மொத்தத்தையும் சிலிக்கான்ல மாத்திடறதுதான் நிம்மதி. கூலன்ட் பக்கத்துல பிளாஸ்டிக்ல ஒரு ஏர் செபரேட்டர் டேங்க் இருக்கும், அது வெடிச்சா கூலன்ட் போகும், கூலன்ட் போனா இஞ்சின் போகும், அதனால அலுமினியத்துல ஒண்ணு மாட்டிடுங்க. அப்புறம் ரோட்டரி ஆயில் குடிக்கறது கோளாறு இல்ல, அத அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க, பெட்ரோல் போடறப்பல்லாம் டிப்ஸ்டிக் பாருங்க. ஸ்டார்ட் பண்ணி நாலடி நகத்திட்டு உடனே ஆஃப் பண்ணாதீங்க, பெட்ரோல்ல முங்கிடும், அப்புறம் ஸ்டார்ட் பண்றது பெரும்பாடு.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். சுப்ராவோட 2ஜேஸெட் இரும்பு பிளாக், ரொம்ப ஸ்ட்ராங், அதனாலயே எல்லாரும் அத நோண்டிட்டாங்க, கை வைக்காத சுப்ரா கிடைச்சா விடாதீங்க. எவோல 4ஜி63, டைமிங் பெல்ட்டோட சேத்து பேலன்ஸர் பெல்ட்டும் மாத்தியே ஆகணும், அந்த சின்ன பெல்ட்டு அறுந்து டைமிங் பெல்ட்டுல சிக்குனா வால்வு பிஸ்டன்ல இடிக்கும். அந்தக் காலத்து மிட்சுபிஷி ஈசியூல (இஞ்சின் கம்ப்யூட்டர்) கப்பாசிட்டர் ஒழுகும், போர்ட அரிக்கும், ஓப்பன் பண்ணி பாத்துடுங்க. இம்ப்ரெசாவோட இஜே20க்கு ஆயில் லெவல் இறங்கவே கூடாது, பேரிங்குதான் முதல்ல அடி வாங்கும். எஸ்2000 எஃப்20சி 9000 ஆர்பிஎம் வரைக்கும் போகும், ஆனா சிலிண்டர் சுவர் ஃபைபர் கலந்த உலோகம், சாதாரண இஞ்சின் மாதிரி ஈசியா சிலிண்டர கடைஞ்சு பெருசாக்க முடியாது, அதனால புகை விடற எஸ்2000 வேணாம்.

வாங்கியாச்சா, முதல் மாசமே எல்லா ஃப்ளூயிடையும் மாத்திடுங்க, இஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிஃப்ரென்ஷியல், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், கிளட்ச் ஃப்ளூயிட் எல்லாம். டைமிங் பெல்ட் இருக்கற வண்டில அத எப்போ மாத்துனதுன்னு பில் இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கிட்டு வாட்டர் பம்ப்போட சேத்து மாத்திடுங்க. டயர்ல பள்ளம் இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்காதீங்க, பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், பத்து வருஷ டயர்ல 280 பிஎஸ்ஸ போட்டு ஓட்டறது உயிரோட விளையாடற வேல. ஃப்யூவல் ஹோஸ் எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர்றதுக்கு முன்னாடி செஞ்சது, எத்தனால் தாங்கற ஹோஸா மாத்துங்க, இது நெருப்பு சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாதீங்க.

பெட்ரோலப் பத்தி இன்னொண்ணு, ஜப்பான்ல விக்கற பிரீமியம் 100 ஆக்டேன் பக்கம் இருக்கும், அந்த ஊர் டர்போ வண்டிங்க ஈசியூ அதுக்குத்தான் செட் பண்ணது. கம்மி ஆக்டேன் ஊத்தி முழுசா மிதிச்சா நாக் (பெட்ரோல் தானா தாறுமாறா வெடிக்கறது) வரும், பிஸ்டன் ரிங் இருக்கற இடம் உடையும். உங்க ஊர்ல கிடைக்கறதுலயே ஒசந்தத ஊத்துங்க, அதுவும் பத்தலன்னா அதுக்கேத்த மாதிரி ட்யூன் பண்ணிட்டு ஓட்டுங்க.

ஓட்டற பழக்கம்தான் வண்டிய காப்பாத்தும். டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வந்ததும் வண்டி சூடாயிடுச்சுன்னு நெனக்காதீங்க, அது தண்ணியோட சூடு, ஆயில் சூடாக அதுக்கப்புறமும் நேரம் ஆகும், அது வரைக்கும் மெதுவா போங்க. நிறுத்தப் போறதுக்கு முன்னாடி கடைசி கொஞ்ச தூரம் பூஸ்ட் இல்லாம ஓட்டுங்க, டர்போ ஆறிடும். மாசக்கணக்கா மூடி வச்சா சீல் காயும், டேங்க்ல துரு வரும், பிரேக் பிடிச்சுக்கும், அதனால ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஆயில் நல்லா சூடாகற அளவுக்கு ஓட்டுங்க, வீட்லயே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றது நல்லத விட கெடுதல்தான் அதிகம். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, காத்து போற துணி கவர் போடுங்க.

பார்ட்ஸ் விஷயத்துல இப்போ நிலமை கொஞ்சம் பரவால்ல, நிஸ்ஸானோட ரேஸிங் பிரிவான நிஸ்மோ 2017ல ஆர்32க்கு ஹெரிடேஜ் பார்ட்ஸ் ஆரம்பிச்சு அப்புறம் ஆர்33, ஆர்34க்கும் கொண்டு வந்துச்சு, டொயோட்டா சுப்ராவுக்கு பண்ணுது, மஸ்டாவும் ஆர்எக்ஸ்-7க்கு சில பார்ட்ஸ திரும்ப செய்யுது. ஆனா இன்டீரியர் டிரிம், வெதர்ஸ்ட்ரிப், ஹெட்லைட், ஒரிஜினல் கண்ணாடி இதெல்லாம் கிடைக்கும்போதே வாங்கி வைங்க, இஞ்சின் பார்ட்ஸ விட இதுதான் சீக்கிரம் காணாம போகுது. மாடிஃபை பண்ண ஆசையா, பண்ணுங்க, ஆனா வெட்டாம, வெல்ட் பண்ணாம, போல்ட்ட கழட்டி திரும்ப மாட்டற மாதிரி பண்ணுங்க, கழட்டின ஒரிஜினல் எக்ஸாஸ்ட், வீல், சஸ்பென்ஷன், ஸ்டீரிங் எதையும் விக்காதீங்க. ஒவ்வொண்ணுலயும் சேஸி நம்பர எழுதி, ஆயில் தடவி, சுத்தி பத்திரமா வைங்க.

கடைசியா இன்ஷூரன்ஸ். சாதாரண பாலிசி எடுத்தா பழைய காருன்னு சொல்லி சொற்ப மதிப்பு போடுவாங்க, முன்னாடியே மதிப்ப பேசி முடிவு பண்ற பாலிசி கிடைக்குதான்னு தேடுங்க. அதுக்கு அடிப்பாகம், சேஸி நம்பர், மீட்டர், உள்பக்கம் எல்லாம் தெளிவா போட்டோ எடுத்து, ஏல ஷீட், எல்லா பில்லோட சேத்து ஒரு ஃபைல் போட்டு வைங்க, விலை ஏறிக்கிட்டே இருக்கறதால வருஷா வருஷம் அந்த மதிப்ப மறுபடி பேசி ஏத்திக்கங்க.