கன்றுக் கழிச்சல்: பிளீச்சிங் பவுடரை நம்பிக் கெட்ட கதை

போன வாரம் பயிற்சிக்கு வந்த கால்நடை மருத்துவ மாணவர் ஒருவர், 10 நாள் கன்றுக்கு ட்ரிப்ஸ் போட்டு முடித்த கையோடு கொட்டில் தரை முழுக்கப் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். கோலம் போடுவது போல அத்தனை ஒழுங்கு. 15 வருஷத்துக்கு முந்திய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

கிளவுஸ் போடு, கம்பூட் போடு என்பதெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். இங்கே பேச்சு கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஓரணு ஒட்டுண்ணியைப் பற்றி. கன்று, ஆட்டுக்குட்டி, மான், முயல், மனிதன் என்று பல உயிர்களின் குடலில் இதன் வகைகள் குடியிருக்கின்றன. கன்றிலிருந்து நமக்குத் தாவுவது பெரும்பாலும் பார்வம் என்ற வகை.

பிளீச்சிங் பவுடரை நம்புவது

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு பண்ணையில், பிறந்து ஒரு வாரமான கன்றுகள் வரிசையாகத் தண்ணீராய்க் கழிந்தன. தினமும் இரண்டு வேளை ஹோஸ் வைத்துக் கழுவுங்கள், பிளீச்சிங் பவுடர் போடுங்கள், பினாயில் தெளியுங்கள் என்றேன். கொட்டில் ஆஸ்பத்திரி வராந்தா போல மணந்தது. கழிச்சல் மட்டும் நிற்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடவா டாக்டர்?" என்று கொட்டிலில் வேலை செய்த அக்கா கேட்டார். போடுங்கள் என்றேன். மூன்று வாரத்தில் ஐந்து கன்றுகள் போயின. நடுவில் அந்த அக்காவுக்கும் எனக்கும் வயிற்றோட்டம். எனக்கு நிற்க 12 நாள் ஆனது.

சாணத்தோடு வெளியே வருவது இந்த ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட் எனப்படும் கூடு. அளவு 5 மைக்ரான், இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது குளோரின்; ஊசிஸ்ட்டின் ஓடு அதைச் சட்டையே செய்யாது. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின் உள்ள நீச்சல் குளத்தில் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. ஊசிஸ்ட் 10 நாளுக்கு மேல் தாங்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் படுத்தது, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்துத்தான்.

பவுடராவது வீண் செலவோடு போயிற்று. ஹோஸ்தான் கேடு செய்தது. நோயுற்ற ஒரு கன்று ஒரே நாளில் 100 கோடிக்கும் மேல் ஊசிஸ்ட்டுகளைத் தள்ளும். வெளியே விழுந்த நொடியிலேயே அவை தொற்றத் தயார். அவற்றில் 10 மட்டும் வாய்க்குள் போனாலே சிலருக்குத் தொற்றப் போதும். அதைத் தண்ணீர் பீய்ச்சிச் சுவரிலும் பால் வாளியிலும் எங்கள் முகத்திலும் தெறிக்கவிட்டேன். தரையையும் நாள் முழுக்க ஈரமாகவே வைத்தேன். ஈரத்தில் இது மாதக்கணக்கில் கிடக்கும். நன்றாகக் காய்ந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும்.

சாணத்தையும் பழைய வைக்கோலையும் சுரண்டி எடுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள், அப்புறம் வெயிலில் காயவிடுங்கள். அடுத்து பிறக்கும் கன்றை வேறு இடத்தில் கட்டுங்கள். சித்திரை வெயில் சும்மா கொளுத்திக்கொண்டிருக்க, அந்தப் பண்ணைக்காரரைக் காசு கொடுத்துப் பவுடர் வாங்க வைத்தவன் நான்.

"ஒட்டுண்ணி இல்லை" என்ற ரிப்போர்ட்

வழக்கமான சாணப் பரிசோதனையில் இது எளிதில் தப்பிவிடும். ஈஸ்ட் என்று நினைத்து ஸ்லைடை நகர்த்திவிடுவார்கள். காசநோய்ச் சளிக்குப் போடுகிற ஆசிட் ஃபாஸ்ட் சாயத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால், பச்சைப் பின்னணியில் சிவப்பு உருண்டைகளாகத் தெரியும். சீட்டில் அதைக் கேட்டு எழுதுங்கள். உங்களுக்கே வயிறு போனாலும் டாக்டரிடம் கன்றுக் கொட்டிலில் வேலை என்று முதலில் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. ஹோட்டல் சாப்பாடா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இரத்தக் கழிச்சலோடு குழப்புவது

அதற்குக் காரணம் ஐமீரியா என்ற வேறொரு குடல் ஒட்டுண்ணி. பெரும்பாலும் மூன்று வாரம் தாண்டிய கன்றுக்கு வரும், மாட்டின் ஐமீரியா மனிதரைத் தொற்றாது. அதற்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம் இதற்கு உதவாது.

ஆண்டிபயாடிக்

இதைக் கொல்லாது. நீர்ச்சத்து குறையாமல் பாருங்கள், பாலை நிறுத்தாதீர்கள்.

மானைக் குற்றம் சொல்வது

காட்டோரப் பண்ணைகளில் முதல் பேச்சே இதுதான். மானுக்கும் இது வரும், சரி. ஆனால் எந்த வகை என்று பார்க்காமல் பழி போடக் கூடாது. மில்வாக்கியில் மாட்டுச் சாணத்தின் மேலும் சந்தேகம் விழுந்தது. பின்னாளில் நோயாளிகளின் மாதிரிகளில் மரபணு பார்த்தபோது தெரிந்தது ஹோமினிஸ், அதாவது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகை. மாறாக, 2008இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் குடிநீர் கெட்டதற்குக் காரணம் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிக்குள் விழுந்த ஒரு முயல். அங்கே நோயாளிகளிடமும் முயல் வகையே இருந்தது.

சானிடைசர்

பயனில்லை. சோப்பு, ஓடும் தண்ணீர்.

"வயிறுதானே, சரியாகிவிடும்"

திடமான ஆளுக்கு இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். எச்.ஐ.வி. முற்றியவருக்கு உயிருக்கே ஆபத்து. உறுப்பு மாற்று செய்துகொண்டவர், கீமோதெரபி எடுப்பவர், கைக்குழந்தை என்றாலும் இதே எச்சரிக்கை வேண்டும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்கள் கொட்டில் பக்கம் வர வேண்டாம். உங்கள் கம்பூட்டும் வாசலுக்கு வெளியே, வெயில் படுகிற இடத்தில் கிடக்கட்டும்.