வீட்டு நீச்சல்குளம்: வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகள்

வீட்டில் நீச்சல்குளம் அமைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் முடிவு செய்வது டைல்ஸின் நிறத்தைத்தான். மண் எப்படிப்பட்டது, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும், குளத்தை நிரப்பத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விகள் எழுவதற்குள் வடிவமும் ஆழமும் படத்தைப் பார்த்து முடிவாகிவிடுகின்றன. எந்த வகைக் குளம் பொருந்தும் என்பதை மண்ணும் நீருமே தீர்மானிக்கின்றன என்பதால், பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கு இந்தத் தலைகீழ் வரிசையே காரணம். கணக்குக்கு வசதியாக 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 38,400 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரின் எடை மட்டும் 38 டன்னுக்கு மேல்.

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான மனைகளில், கோடையில் குழி தோண்டிப் பார்த்துவிட்டு ‘இங்கே தண்ணீர்த் தொல்லை இல்லை’ என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. வைகாசியில் வறண்டு கிடக்கும் அதே குழியில், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் கார்த்திகையில் தண்ணீர் தரைக்குச் சற்றுக் கீழேயே நிற்கக்கூடும். அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் ஏறினால், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் அது ஒரு டன் விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். நம் கணக்குக் குளத்தில் இது 30 டன்னுக்கு மேல் வருகிறது. குளம் நிரம்பியிருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை அதை அமுக்கி வைத்திருக்கும். மழை ஓய்ந்த வாரத்தில் ‘கழுவிவிடலாம்’ என்று குளத்தைக் காலி செய்யும்போதுதான் விபரீதம் நடக்கிறது. எடை குறைந்த ஃபைபர் தொட்டி படகைப் போல எழும்பிவிடும். 20 சென்டிமீட்டர் கனமுள்ள ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தொட்டியின் எடையும் ஏறத்தாழ 30 டன் அளவில்தான் இருக்கும் என்பதால், அதையும் முழுமையாக நம்ப முடியாது. ஆகவே இத்தகைய இடங்களில் அடித்தளத்தில் நீரழுத்தத்தைத் தணிக்கும் வால்வும், தொட்டிக்குக் கீழே ஜல்லிப் படுகையும், அதிலுள்ள நீர்மட்டத்தைப் பார்க்க ஒரு செங்குத்துக் குழாயும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் அடைமழைக் காலத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறும் என்று விசாரிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் சிக்கல் வேறு விதமானது. அந்த மண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஆண்டுதோறும் இப்படி உப்பிச் சுருங்கும் மண்ணில் சாதாரண வடிவமைப்பில் கட்டிய ஆர்.சி.சி. சுவர் விரிசல் காண்கிறது என்று அஞ்சி, சிலர் ஃபைபர் தொட்டிக்கு மாறுகிறார்கள். தொட்டி சற்று வளைந்து தாங்கினாலும், அதனுடன் இணைந்த குழாய்களின் மூட்டுகள் பிடுங்கிக்கொள்ளும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. குழிக்குக் கீழும் சுற்றிலும் உள்ள கரிசலை அகற்றிவிட்டுக் கிராவல் நிரப்பிக் கெட்டிப்படுத்துவதும், மழைநீர் குளத்தோரம் தேங்காமல் வடிய வழி செய்வதும் எந்த வகைக்கும் தேவையானவை. மண் பரிசோதனைக்கு ஆகும் தொகை மொத்தச் செலவில் மிகச் சிறியது என்றாலும், ஒப்பந்தக்காரர்கள் அதைத் தாமாக முன்வந்து சொல்வது அரிது.

விலையை மட்டும் வைத்து வகைகளை ஒப்பிடுவதும் தவறாகவே முடிகிறது. உட்புறத்தில் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திய வினைல் விரிப்புக் குளம் தொடக்கத்தில் மலிவு. ஆனால் நம் வெயிலில் விரிப்பு வெளுத்து விறைத்துப்போவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நாயின் நகம் பட்டாலும் கிழியும். ஃபைபர் தொட்டியைச் சில நாட்களில் பொருத்திவிடலாம் என்பது உண்மைதான். எனினும் அது ஒரே துண்டாக லாரியில் வந்து கிரேனில் இறங்க வேண்டும் என்பதால், தெருவின் அகலத்தையும் தலைக்கு மேல் செல்லும் மின்கம்பிகளையும் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. ஆர்.சி.சி. எந்த வடிவத்துக்கும் இணங்கும், நெடுநாள் நிற்கும்; ஆனால் கான்கிரீட் என்றாலே தண்ணீர் கசியாது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. நீர் தேக்கும் கட்டுமானங்களுக்கென ஐ.எஸ். 3370 என்ற தனி விதிமுறை இருக்கும்போது, வீட்டுச் சம்ப் கட்டிய அனுபவத்தை வைத்தே குளத்தையும் கட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே வெறும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு வாரமாவது நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒட்டிய பிறகு கசிவு எங்கே என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை.

படங்களில் மயக்குவது ஓவர்ஃப்ளோ வகை. விளிம்பு வரை ததும்பும் தண்ணீர், ஓரக் கால்வாயில் வழிந்து, பேலன்சிங் டேங்க் எனப்படும் இடைத்தொட்டிக்குப் போய், வடிகட்டப்பட்டுத் திரும்பி வருகிறது. இடத்தை மிச்சம் பிடிக்க அந்தத் தொட்டியைச் சிறிதாகக் கட்டினால், நான்கைந்து பேர் குளத்தில் இறங்கும்போது வழியும் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அவர்கள் ஏறியதும் இடைத்தொட்டி வற்றி மோட்டார் காற்றை இழுக்கும். விளிம்பிலும் கால்வாயிலும் வழிந்தோடுவதால் ஆவியாதலும் கூடும். குடும்பத்தார் மட்டும் குளிக்கும் குளத்துக்கு, நீர்மட்டம் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஸ்கிம்மர் வகையே தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. வேப்பமரத்தடியில் குளம் வைப்பவர்கள் எந்த வகையைத் தேர்ந்தாலும் மாசி, பங்குனியில் இலை அள்ளியே ஓய்ந்துபோவார்கள்.

தண்ணீரைப் பற்றிய தவறுகள் குளம் கட்டி முடித்த பிறகே தெரியவருகின்றன. போர் தண்ணீர் கடினமானதாக இருந்தால் டைல்ஸிலும் குழாய்களிலும் வெள்ளைப் படிவு ஏறும். அதில் இரும்புச் சத்து இருந்தால், குளோரின் போட்டவுடன் குளம் தேநீர் நிறத்துக்கு மாறும். வகையை முடிவு செய்வதற்கு முன்பே நீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது நல்லது. உப்புநீர்க் குளம் என்றால் குளோரினே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கருவி உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத்தான் தயாரிக்கிறது. நம் குளத்துக்கு அதற்காகச் சுமார் 130 கிலோ உப்பு கரைக்க வேண்டியிருக்கும். பிறகு ஃபில்டரைக் கழுவி வெளியேற்றும் தண்ணீரைத் தோட்டத்துக்கு விட முடியாது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்கும் வேலையும் எந்தக் குளத்துக்கும் தவறாது.

கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் நம் குளத்திலிருந்து 160 லிட்டர், அதாவது மாதத்துக்கு 4,800 லிட்டர் தண்ணீர் போய்விடும். 2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகள் வற்றிச் சென்னை டேங்கர் லாரிகளை எதிர்பார்த்து நின்ற நிலையை மறந்துவிட்டுப் பெரிய குளம் கட்டுவது, யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். தினமும் விரித்து மூடும் உறை இருந்தால் இந்த இழப்பில் பெரும்பகுதி குறையும். உறையைச் சுருட்டி வைக்க ஒரு பக்கம் இடம் விட வேண்டும் என்பதால், வளைவு நெளிவான வடிவத்தைவிட நீள்சதுரமே வசதி.

மொட்டை மாடியில் குளம் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது, 1.2 மீட்டர் தண்ணீரோ 1,200 கிலோ. ஏற்கெனவே கட்டிய வீட்டின் மேல் ‘சின்னதாக ஒன்று’ வைப்பதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்கூட ஏற்றக் கூடாது.

ஆழத்திலும் வீண்பெருமை வேண்டாம். வீட்டுக் குளத்துக்கு நான்கு முதல் நாலரை அடி போதும். எட்டு அடிப் பகுதி வைத்தால் குழி, கம்பி, தண்ணீர், மருந்து எல்லாம் கூடும், பெரியவர்கள் ஓய்வாக நிற்கும் இடம் குறையும். குழந்தைகள் உள்ள வீட்டில் சுற்றுவேலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. நான்கு அடி உயர வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும், சிறுவர் கைக்கு எட்டாத தாழ்ப்பாளும், நீருக்கடியில் 12 வோல்ட் விளக்குகளும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்சும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.