ஏற்காட்டு மலை ரிப்பீட்டரில் பேச்சு பாதியில் நின்றால்: டைம்அவுட் கோளாறைக் கண்டறியும் முறை

இணையத்தோடு இணைந்த ரிப்பீட்டரை (ரேடியோவில் வரும் பேச்சை வாங்கி, வேறொரு அலைவரிசையில் வலுவாகத் திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) புதிதாகப் பராமரிக்க வரும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களைக் குழப்புவது, டைம்அவுட், அதாவது நேர வரம்பு, என்ற ஒரே பெயரில் பல கடிகாரங்கள் ஓடுவதுதான். பேச்சைத் துண்டித்தது எது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த எண்ணையும் கூட்ட வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ரிப்பீட்டரை இயக்கும் எஸ்விஎக்ஸ்லிங்க் மென்பொருளும், ஹாம் நிலையங்களை இணையம் வழியாக இணைக்கும் எக்கோலிங்க் இணைப்பும் கொண்ட ரிப்பீட்டருக்கு இங்கே வழி சொல்கிறேன்.

படி 1: நின்றது எது?

கால் சைனை (உரிமத்தில் உள்ள அடையாளக் குறி) சொல்லிவிட்டு, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர் ஹேண்டியில் (கையடக்க ரேடியோ) தொடர்ந்து பேசட்டும். இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று ரிப்பீட்டரின் வெளியீட்டு அலைவரிசையைக் கேட்கட்டும். பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தியபடியே இருந்தும் ஹேண்டியின் சிவப்பு விளக்கு அணைந்தால், அதற்குள்ளேயே இருக்கும் நேர வரம்பு வேலை செய்திருக்கிறது, ரிப்பீட்டர்மேல் குறையில்லை. விளக்கு எரியும்போதே ரிப்பீட்டர் அமைதியானால் படி 2. உள்ளூரில் தெளிவாகக் கேட்டு, இணையம் வழியாக வந்தவர் மட்டும் காணாமல் போனால் நேராகப் படி 3.

படி 2: ரிப்பீட்டரின் கடிகாரங்கள்

எஸ்விஎக்ஸ்லிங்கின் லாக் ஃபைலை (நடப்பதைப் பதிவுசெய்யும் ஃபைல்) திறந்து வைத்துக்கொண்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தால், ஸ்குவெல்ச் (சிக்னல் வரும்போது மட்டும் ஒலியைத் திறக்கும் கதவு) திறந்த நேரமும் டிரான்ஸ்மிட்டர் அணைந்த நேரமும் வரிவரியாகத் தெரியும்.

எஸ்விஎக்ஸ்லிங்க் அமைப்பு ஃபைலின் டிரான்ஸ்மிட்டர் பகுதியில் உள்ள டைம்அவுட், மென்பொருள் பழுதாகி டிரான்ஸ்மிட்டர் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருப்பதைத் தடுக்கும் கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. நீளமாகப் பேசுபவரை நிறுத்தும் கருவியாக அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வேலைக்கு ரிசீவர் பகுதியில் ஸ்குவெல்ச் டைம்அவுட் இருக்கிறது. முன்னதை 300 விநாடி என்றும் பின்னதை 180 விநாடி என்றும் வைத்தால், சிறியது முதலில் இயங்கும். மலைப்பனியில் ஆண்டெனா இணைப்பில் ஈரம் இறங்கி, இரைச்சலால் ஸ்குவெல்ச் திறந்தே கிடக்கும் நாளிலும் இதுவே காப்பாற்றும்.

எவருமே ஒரே மூச்சில் மூன்று நிமிடத்தைத் தாண்டிப் பேசாதபோதும் ரிப்பீட்டர் நடுவில் அணைகிறதா? அப்படியானால் ஐடில் டைம்அவுட்டைப் பாருங்கள். பேச்சு முடிந்தபின் டிரான்ஸ்மிட்டரைச் சில விநாடிகள் உயிரோடு வைத்திருக்கும் வால் அது. வால் விழுமுன்பே அடுத்தவர் பேசத் தொடங்கினால் டிரான்ஸ்மிட்டர் அணையவே வாய்ப்பில்லாமல், 300 விநாடிக் கடிகாரம் தொடர்ந்து ஓடி முடிந்துவிடும். 10 விநாடி வாலை 2 விநாடியாகக் குறைத்து, அது விழுந்தபின் பேசச் சொல்லுங்கள்.

எந்த வரம்பையும் 0 ஆக்கி நீக்கிவிடாதீர்கள். சிக்கிக்கொண்ட டிரான்ஸ்மிட்டரை அணைக்க ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டியிருக்கும். அதுவரை சேலம் முழுவதும் அந்த அலைவரிசை முடங்கிக் கிடக்கும்.

படி 3: இணைப்பின் கடிகாரம்

எக்கோலிங்க் மாட்யூல் ஃபைலில் உள்ள லிங்க் ஐடில் டைம்அவுட், பேச்சில்லாத இணைப்பைத் துண்டிக்கும். நெட் (ஹாம்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசும் கூட்டம்) நடக்கும் நாளில் 300 விநாடி போதாமல் போகலாம், அன்றைக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

பிறகு, பேசியதைத் திருப்பி ஒலிக்கும் 9999 என்ற எக்கோடெஸ்ட் முனையை அழைத்துப் பேசுங்கள். உங்கள் குரல் திரும்பி வந்தும் வெளியூர்க்காரர்களால் உங்களை அழைக்க முடியவில்லை என்றால், அது டைம்அவுட் கோளாறே அல்ல. எக்கோலிங்க் பயன்படுத்தும் யுடிபி 5198, 5199 போர்ட்டுகளில் (ரௌட்டரின் இணைய வாசல்கள்) உள்ளே வரும் வழி அடைபட்டிருக்கிறது. மலையில் 4ஜி சிம் போட்ட ரௌட்டரில் பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது என்பதால், எக்கோலிங்க் ப்ராக்ஸி (பொது முகவரியுள்ள இடைநிலைக் கணினி) வழியாகச் செல்வதே நடைமுறைத் தீர்வு.

ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி, பழைய ஃபைலின் நகலை வைத்துக்கொண்டு, எஸ்விஎக்ஸ்லிங்கை மறுபடி தொடங்கி, படி 1 சோதனையை மீண்டும் செய்து பாருங்கள்.