நெருப்பு எபெக்ட்: பிளெக்ஸில் அடித்த பிறகு தெரியும் தவறுகள்

தீமிதி சீசன் வந்தால் கடலூர், புதுச்சேரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பேனர் வேலை குவியும். கரகம் சுமந்தவர் படத்தை கட்டிங் செய்து, சுற்றிலும் நெருப்பு போட்டுத் தரச் சொல்வார்கள். புதிதாக போட்டோஷாப் பழகுகிறவர்கள் வருஷா வருஷம் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கட்டிங்கில் பிசிறு, பெயரில் எழுத்துப்பிழை இதெல்லாம் பார்த்தவுடன் தெரியும், அதை விட்டுவிடலாம்.

கறுப்பு இல்லாத கறுப்பு

காசு போகும் தவறு இதுதான். கறுப்புப் பின்னணியில் எடுத்த நெருப்புப் படத்தை ஸ்கிரீன் மோடில் (கீழே உள்ள படத்தோடு வெளிச்சத்தைக் கூட்டிக் கலக்கும் முறை) வைத்தால் கறுப்பு மறைந்து தீ மட்டும் நிற்கும் என்று சொல்லித் தருகிறார்கள். வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை என்றால், சுத்தமான 0 மட்டும்தான் முழுசாக மறையும் என்பதை யாரும் சொல்வதில்லை. இறக்கிய ஜேபெக் படங்களில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் 8, 10, 12 என்று இருக்கும். ஒரு லேயரில், அதாவது ஓர் அடுக்கில், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே படத்தை காப்பி அடித்து நான்கு லேயர் அடுக்கினால், 10 ஆக இருந்தது ஏறத்தாழ 38 ஆகிவிடும். மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வேலை செய்பவர் கண்ணில் அதுவும் படாது. பேனரைக் கட்டி போக்கஸ் லைட் போட்டதும், கரகக்காரரைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம் பளிச்சென்று நிற்கும். பிறகென்ன, 10க்கு 8 அடி பிளெக்ஸ் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதுதான். ஒரு நிமிடச் சோதனையில் தப்பியிருக்க வேண்டிய செலவு இது. அதனால்தான் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது.

சோதனை இது: எல்லா லேயருக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லேயர்) போட்டு, இருட்டுப் பகுதியை நன்றாக மேலே தூக்குங்கள். ஒளிந்திருக்கும் கட்டங்கள் எல்லாம் வெளியே வரும். பிறகு ஒவ்வொரு நெருப்பு லேயருக்கும் தனித்தனியாக லெவல்ஸ் லேயரை கிளிப் செய்து (அந்த ஒரு லேயரை மட்டும் பாதிக்கும்படி இணைத்து), இடதுபக்கக் கறுப்பு முனையை 0லிருந்து 20 வரை நகர்த்துங்கள். 30ஐத் தாண்டினால் தீயின் மெல்லிய நுனிகள் செத்துவிடும். நுனி வேண்டுமென்றால் லெவல்ஸைக் குறைத்து, லேயர் ஸ்டைலில் உள்ள பிளெண்ட் இஃப் பகுதியில் ‘திஸ் லேயர்’ கறுப்பு முக்கோணத்தை ஆல்ட் அழுத்திப் பிளந்து 15, 50 என்று வையுங்கள். படத்தின் அடியில் தீ நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தால், மாஸ்க்கில் மென்மையான பிரஷ் கொண்டு கலைத்துவிடுங்கள். சோதனை கர்வ்ஸை அழித்துவிட்டுத்தான் பைலை அனுப்ப வேண்டும்.

ஆள் மேல் வெளிச்சம் விழவில்லை

காலடியில் தீ எரிகிறது. முகத்திலோ மதிய வெயில். இதனால்தான் ஆள் ஒட்டுப்படமாகத் தெரிகிறார். முதலில் ஆளின் லேயரை கர்வ்ஸில் இருட்டாக்குங்கள். அதன்மேல் லீனியர் டாட்ஜ் மோடில் ஒரு லேயர் கிளிப் செய்து, தீயின் நடுப்பகுதியிலிருந்தே ஆரஞ்சு நிறம் எடுத்து, பிரஷ் ப்ளோ 10 சதவீதத்தில் தடவுங்கள். தாடையின் அடி, மூக்கின் கீழ்ப்புறம், முழங்கையின் உட்பக்கம், மஞ்சள் வேட்டியின் கரை: கீழிருந்து வரும் ஒளி இங்கேதான் விழும். நெற்றியைத் தொடாதீர்கள். பித்தளைச் செம்பு இருந்தால் அதன் வயிற்றில் ஒரு கீற்று வையுங்கள். பார்ப்பவர் கண் அதை நம்பும்.

எல்லாத் தீயும் முன்னால்

தீ லேயர்கள் எல்லாவற்றையும் ஆளுக்கு முன்னால் வைக்காதீர்கள். பாதி ஆளுக்குப் பின்னால், கொஞ்சம் காலுக்கு முன்னால்.

பகல் வானத்தில் தீ

ஸ்கிரீன் மோடு வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே செய்யும். வெள்ளை வானத்தின் மேல் கூட்ட ஒன்றுமில்லை. பின்னணியை இருட்டாக்குங்கள்.

லேயரோடு சிஎம்ஒய்கே

ஆர்ஜிபியில் (திரைக்கான நிற முறை) கலந்த ஸ்கிரீன் லேயர்கள் சிஎம்ஒய்கேயில் (அச்சு மைக்கான நிற முறை) வேறு கணக்கில் கலக்கும். தீ மங்கிச் சேறாகும். பிஎஸ்டியைத் தனியாகச் சேமித்துவிட்டு, இன்னொரு காப்பியை பிளாட்டன் செய்த (எல்லா லேயரையும் ஒன்றாக்கிய) பிறகே மோடு மாற்றுங்கள். திரையில் கொதிக்கும் ஆரஞ்சு அச்சில் அப்படியே வராது. கண்ட்ரோல் ஒய் அழுத்தி எவ்வளவு மங்குகிறது என்று முன்பே பாருங்கள். தீயின் நடுவில் சயான் ஏறியிருந்தால் செலக்டிவ் கலரில் மஞ்சளையும் சிவப்பையும் எடுத்து, இரண்டிலும் சயானைக் குறையுங்கள்.

சின்னப் படத்தை இழுப்பது

10க்கு 8 அடி, 72 ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) என்றால் 8640க்கு 6912 பிக்சல். 1280 பிக்சல் தீயை அதில் இழுத்தால் ஜேபெக் கட்டங்கள்தான் எரியும்.