ஐம்பதுகளோட கவுன் பேட்டர்ன் கையில கெடச்சா எப்படித் தைக்கிறது

1950கள்ல வந்த சிம்ப்ளிசிட்டி, பட்டரிக் மாதிரி அமெரிக்க பேட்டர்ன் (துணி வெட்டுறதுக்கான காகித அச்சு) கவர் கெடச்சா மொதல்ல படத்தப் பாத்து மயங்காதீங்க (நானும் மயங்குனவதான், அந்தச் சின்ன இடுப்பும் குடையா விரியுற பாவாடையும் யாரத்தான் விட்டுச்சு), சைஸ் நம்பர நம்பவே கூடாது, அந்தக் காலத்து 14 இன்னைக்குக் கடையில தொங்குற 14-ஐ விட ரொம்பச் சின்னது, கவர்ல மார்பளவு இஞ்சுல போட்டிருக்கும், அதத்தான் பாக்கணும்.

காகிதம் பூ மாதிரி, மடிப்புல கிழியும். ஆனி ஆடி காத்துன்னா ஜன்னல சாத்திட்டு, ஃபேனயும் நிப்பாட்டிட்டு, பத்தமடைப் பாய்ல விரிச்சு பிரௌன் பேப்பர்ல வரஞ்சு எடுத்துக்கிடுங்க, ஒரிஜினல்ல கத்திரி வைக்கவே வைக்காதீங்க. சிலதுல கோடே இருக்காது, வெறும் ஓட்டைதான், எந்த ஓட்டை எதுக்குன்னு கூட வர்ற தாள்ல இருக்கும்.

துணிக் கணக்கு பெரும்பாலும் 35 இஞ்சு பன்னாவுக்கு, அதாவது துணி அகலத்துக்கு, போட்டிருப்பாங்க, நம்ம 44 இஞ்சு துணின்னா கம்மியாவே போதும். மொதல்ல காடா துணியில மேல்பகுதிய மட்டும் தச்சு போட்டுப் பாருங்க. டாட் (ஒடம்பு வளைவுக்காகப் பிடிச்சுத் தைக்கிற மடிப்பு) நுனி சரியா உக்காரலன்னா அழகே போச்சு.

வட்டப் பாவாடைன்னா தச்ச ஒடனே கீழ மடிச்சு அடிச்சிராதீங்க, ஒரு நாள் முழுக்க ஹேங்கர்ல தொங்கவிடணும், துணி மூலைவாட்டமா வர்ற எடம் இழுபட்டு எறங்கும், அப்புறம் சமமா வெட்டிட்டு மடிங்க. நான் அவசரப்பட்டு அடிச்சிட்டு பாளையங்கோட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போனேன், ஆச்சி பாத்துட்டு, "ஏட்டி, என்ன பாவாட ஒரு பக்கமா ஒழுகுது?"